கேஸ் குறைவதில்லை, கசிகிறது!



"தம்பி, பெட்டியில கூலிங் பத்தல. கேஸ் குறைஞ்சிருக்கும், கொஞ்சம் ஏத்திட்டுப் போப்பா!" பால் கடை, ஜூஸ் கடை, பேக்கரி என எங்கு போனாலும் கோடையில் கேட்கும் குரல் இது.

கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்ந்துபோக? மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். கரண்ட் பில் ஏறும்.

வெளியேறும் கேஸும் சும்மா போவதில்லை. பழைய சி.எஃப்.சி. ஓசோனை அரித்தது, 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தம் அதற்குக் கடிவாளம் போட்டது. மாற்றாக வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்கும். நூறாண்டுக் கணக்கில் அதன் ஒரு கிலோ, சுமார் 1,400 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-404ஏ என்றால் ஏறக்குறைய 3,900 கிலோ! இவற்றைக் குறைக்க 2016-ல் கிகாலியில் உலக நாடுகள் உடன்பட்டன. இந்தியா 2021-ல் அதை ஏற்றது.

சரி, ஒப்பந்தம் தொழிற்சாலையை எட்டும். தெருமுனைக் கடையை எட்டுமா? கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு நாள் பெட்டி நின்றால் பால் திரிந்துவிடும், ஐஸ்கிரீம் உருகிவிடும். அவசரத்தில் அவர் ஏற்றத்தான் சொல்வார். மெக்கானிக்கும் என்ன செய்வார் பாவம்! நைட்ரஜன் சிலிண்டர், வேக்குவம் பம்ப், பழைய கேஸைப் பிடித்து வைக்கும் ரெகவரி மெஷின் எல்லாம் சொந்தமாக வாங்க அவருக்கு வசதி ஏது?

இங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது. கோடைக்கு முன் ஆண்டுதோறும் மாணவர் மன்றம் ஒரு 'கசிவு முகாம்' நடத்த வேண்டும் என்பது என் கருத்து. கல்லூரிக் கருவிகளோடு, உள்ளூர் மெக்கானிக்கையும் ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு கடை கடையாகப் போவோம். வேலை முடியும்வரை சரக்கை வைக்க ஐஸ் நிரப்பிய பெட்டி ஒன்றும் கொண்டுபோவோம். அப்போதுதான் கடைக்காரர் சம்மதிப்பார். புதுப் பெட்டி வாங்குகிறவரிடம் ஆர்-290, ஆர்-600ஏ பற்றிச் சொல்வோம். அவை பூமியை அதிகம் சூடாக்காது. ஆனால் தீப்பற்றும், பழைய பெட்டியில் ஏற்றக் கூடாது என்பதையும் மறக்காமல் சொல்வோம்.

சோப்பு நுரையில் கிளம்பும் ஒரு குமிழி போதும், கசிவைக் காட்டிக்கொடுக்க. அதைத் தேடிப் போக ஆள்தான் வேண்டும். நாம் போகலாமே!