யார் கேட்டார் உங்கள் கண்ணீரை?

பாவம்! திருநங்கை என்றதும் நம்மவர் நாவில் முந்தி வரும் சொல் இது. ஏசுவோர் கிடக்கட்டும், அவர்களுக்குப் பதில் கூறிப் பழகிவிட்டோம். இரங்குவோரிடந்தான் இன்று நமக்கு வழக்கு.

கதையானால் கண்ணீர், கவிதையானால் கண்ணீர், பள்ளி ஆண்டு விழா நாடகமானாலும் மூன்றாம் காட்சியில் முகம் புதைத்து அழவேண்டும் அவள்! சிரிக்க ஒரு காட்சி கிடையாதா? அவள் மனம் பறிகொடுத்த தொழில் ஒன்று இராதா? (அத்தகைய நாடகமொன்றை எழுதிய குற்றவாளி நாமே. ஒப்புக்கொள்கிறோம்.)

அமெரிக்காவில் லின் கான்வே என்றோர் அம்மையார் இருந்தார். 1938-இல் பிறந்து 2024-இல் மறைந்தவர். கணிப்பொறிப் பித்தர்! 1960-களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றுகையில், ஒரு கட்டளை தடைப்பட்டு நின்றால் கணிப்பொறியும் உடன் நில்லாது, ஆயத்தமாயுள்ள பிற கட்டளைகளை முடித்துவைக்கும் வழியைக் கண்டார். அரிசிக் கடையில் கூட்டமென்றால் அதற்குள் காய்கறியை வாங்கிவிடுகிறாரே நம் தாய், அந்த அறிவு!

பிறப்பில் ஆணெனப் பதியப்பட்ட அவர், பெண்ணாக வாழப்போகிறேன் என்றார். 1968-இல் வேலை பறிபோயிற்று. மூளை அதே மூளை, கை அதே கை. ஆயினும் வெளியே போ என்றனர். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020-இல். கணிப்பொறிக்கு விரைவு கற்பித்தவருக்கு வந்த மன்னிப்பின் விரைவைப் பாரீர், 52 ஆண்டுகள்!

இரக்கவான்கள் இங்கே கைக்குட்டையை எடுப்பர். பொறுங்கள் ஐயா, கதை இனிமேல்தான்!

புதுப் பெயரோடு அடிப்படியிலிருந்து மீண்டும் ஏறினார் அவர். 1978-இல் எம்.ஐ.டி.யில் பாடம் நடத்தினார். மாணவர் ஒவ்வொருவரும் தாமே ஒரு சில்லை வடிவமைக்க வேண்டும். வடிவங்கள் கலிபோர்னியாவுக்குச் சென்றன. பாடம் முடிந்த சில வாரங்களில், நகத்தளவுச் சில்லுகளாய்த் திரும்பி வந்தன! தான் வரைந்த கோடு பொருளாகித் தன் உள்ளங்கையில் கிடக்கக் கண்ட மாணவனின் முகத்தை எண்ணிப் பாருங்கள். அந்த முகத்தைக் கண்ட ஆசிரியையின் உள்ளத்தையும் எண்ணுங்கள். கரும்பலகையருகே நாள் முழுதும் நிற்கும் நமக்குத் தெரியும், மாதச் சம்பளத்தில் அடங்காத இன்பம் அது.

பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். காதல் கணவரோடு ஓடம் செலுத்தினார், மேடு பள்ளத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டினார். இவரையா பாவம் என்பீர்?

ஆனால் 1999 வரை, முப்பதாண்டுக் காலம், தம் முன்கதையைப் பூட்டிவைத்தே இத்தனையும் அவர் துய்க்க நேர்ந்தது. யாரேனும் அறிந்தால் மறுபடியும் வாயிற்படிக்கு வெளியே! அந்தப் பூட்டைச் செய்தவர் யார்? ஏசியவர் மட்டுமா? பாவம் என்று சொல்லிவிட்டுப் பக்கத்து நாற்காலியைத் தர மறுத்த நல்லவர்களுமல்லவா?

வேலையில் வேறுபாடு காட்டலாகாது என்கிறது நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டுச் சட்டம். எனவே பிச்சை கேட்கவில்லை, பாக்கியைக் கேட்கிறோம். மேசையைக் கொடுங்கள், சம்பளத்தைக் கொடுங்கள். மூன்று நாள் தலைவலி தந்த பிழை நான்காம் நாள் அகப்படும் களிப்பையும், அதன்பின் தோழியரோடு அருந்தும் தேநீரையும் அவளே தேடிக்கொள்வாள்.

நம் நாடகத்தையும் திருத்திவிட்டோம். மூன்றாம் காட்சியில் இப்போது அவள் அழுவதில்லை. நள்ளிரவு, கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கிறாள். திடீரென்று மேசையைத் தட்டி, "அகப்பட்டாயா!" என்று கூவுகிறாள்.