புயலில் நிற்பது குட்டை ஆண்டெனாதான்

வயர்லெஸ் ஆண்டெனாவை எவ்வளவு உயரத்தில் ஏற்றுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது உரிமம் பெற்ற வயர்லெஸ் ஆர்வலர்களான ஹாம் ரேடியோக்காரர்களிடம் ஊறிப்போன எண்ணம். அமைதியான நாளில் அதில் தப்பே இல்லை. ஆனால் சென்னைப் புறநகரில் தாம்பரம், முடிச்சூர், பெருங்களத்தூர், மேடவாக்கம் பக்கத்து மொட்டை மாடிகளில் ஆண்டெனா உயிர் காக்கும் கருவியாகிற நாட்கள் வருடத்தில் ஒன்றோ இரண்டோதான். அந்த நாட்களில்தான் காற்றும் பேயாய் அடிக்கும். ஆகவே இங்கே ஆண்டெனாவை அது எட்டும் தூரத்தை வைத்து எடைபோடக் கூடாது. புயல் கடந்த மறுநாள் காலையில் நிற்கிறதா என்பதை வைத்துத்தான் எடைபோட வேண்டும். அப்படிப் பார்த்தால் உயரத்தைக் குறைப்பதே சரி.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடுத்த ஆண்டு டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது காற்று மணிக்கு 110 கி.மீ.க்கு மேல் வீசியது. புறநகரில் பல தெருக்களுக்கு மின்சாரம் திரும்பவே நாள்கணக்கானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பள்ளிக்கரணையும் மறுபடி மூழ்கின. ஒவ்வொரு முறையும் கைப்பேசிச் சேவை தடுமாறியது. செல்போன் கோபுரம் விழ வேண்டும் என்பதில்லை. மின்சாரம் போய், பேட்டரி தீர்ந்து, ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவரும் வண்டி தண்ணீரில் நின்றுவிட்டாலே போதும். அப்போது கைகொடுப்பது ஹாம் ரேடியோ. 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த ஹாம் பாரதி பிரசாத், தொடர்பு அறுந்த அந்தமானிலிருந்து செய்தி அனுப்பியதை நாடே அறியும். ஒரு கார் பேட்டரி, ஒரு வயர்லெஸ் செட், நின்றுகொண்டிருக்கும் ஓர் ஆண்டெனா, இவ்வளவு இருந்தால் போதும். முதல் இரண்டையும் வீட்டுக்குள் பத்திரமாக வைக்கலாம். மூன்றாவதுதான் வெளியே நின்று அடி வாங்குகிறது.

எவ்வளவு அடி? கட்டட வடிவமைப்புக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875, சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. என்று வைத்திருக்கிறது. அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது சுமார் 150 கிலோ அழுத்தம் விழும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். மாடிகளில் வழக்கமாகக் காண்பது 20 அடி நீளமுள்ள ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப்பும் அதன் உச்சியில் 10 அடி ஃபைபர் ஆண்டெனாவும். ஆண்டெனா காற்றுக்குக் காட்டும் பரப்பு பைப்பின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் உச்சியில் இருப்பதால், அடியில் பைப்பை வளைக்கும் விசையில் கிட்டத்தட்டப் பாதி அதனுடையது. இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பி இல்லாத அந்தப் பைப் வர்தாவின் வேகத்திலேயே நிரந்தரமாக வளையும் நிலையை நெருங்கிவிடும். அதே பைப்பை 10 அடியாக வெட்டி, மேலே நாலடி ஆண்டெனாவை வைத்துக் கணக்குப் போடுங்கள். அடியில் விழும் சுமை ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. பிடித்திருக்கும் சுவர் தாங்கினால் 180 கி.மீ. காற்றிலும் பைப் தாக்குப்பிடிக்கும்.

உயரம் குறைந்தால் தூரம் போய்விடுமே என்பார்கள். போகும், ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. 2 மீட்டர் அலைவரிசையில் அடிவானம் வரை எட்டும் தூரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் உயர மாடியில் 9 மீட்டர் கம்பம் சுமார் 18 கி.மீ. எட்டும், 4 மீட்டர் கம்பம் 15 கி.மீ.க்குச் சற்று மேல். ஐந்து மீட்டர் உயரத்துக்கு நாம் வாங்குவது இரண்டரை கி.மீ. மட்டும். எதிர்முனையிலும் அப்படியே ஒரு குட்டைக் கம்பம் இருந்தால் வெட்டவெளிக் கணக்கில் 30 கி.மீ. வரும். தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரைக்கோ மாவட்டத் தலைநகர் செங்கல்பட்டுக்கோ ரயில் பாதையே ஏறக்குறைய அவ்வளவுதான். நெடிய ஆண்டெனா அலையைக் குவித்து அனுப்புவதால் பலம் கூடும் என்பது உண்மை. முடிச்சூரிலிருந்து தாம்பரத்துக்கு ஐந்தாறு கி.மீ. பேச அந்தப் பலம் தேவையே இல்லை. திரிசூலம், பல்லாவரம் குன்றுகளும் அடுக்குமாடிகளும் மறைக்கும் இடங்களில் ஐந்து மீட்டர் கூட்டினாலும் குன்று குன்றுதான். அங்கே நடுவில் ஒருவர் செய்தியை வாங்கி மறுமுனைக்குச் சொல்வதே வழி.

புயல் எச்சரிக்கை வந்ததும் ஆண்டெனாவை இறக்கி வைத்துவிட்டுப் பிறகு ஏற்றலாமே என்றொரு யோசனையும் உண்டு. பொருள் பிழைக்கும், சேவை பிழைக்காது. உதவி கேட்கும் குரல் வருவது காற்று அடிக்கும் இரவில்தான், அப்போது நனைந்த மாடியில் ஏறிக் கம்பம் நிமிர்த்தச் சொல்வது ஆளைப் பலிகொடுக்கும் வேலை. இன்னொன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். 30 அடிக் கம்பம் சாய்ந்தால் தெருவில் போகும் ஈ.பி. கம்பி வரை எட்டும். 14 அடிக் கம்பத்தை மாடி நடுவே நட்டால், விழுந்தாலும் மாடிக்குள்ளேயே விழும். அடுக்குமாடிச் சங்கங்கள் அனுமதி தரத் தயங்குவதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். அது நியாயமான பயம்.

குட்டையாக்கினால் மட்டும் போதாது. பெரும்பாலும் கிளாம்பைக் கைப்பிடிச் சுவரில்தான் அடிக்கிறார்கள். அது நாலரை அங்குலச் செங்கல் சுவர். கம்பத்தின் இழுப்பு அதற்குத் தாங்காது, கம்பம் போகும்போது சுவரையும் பெயர்த்துக்கொண்டு போகும். படிக்கட்டு அறையின் கான்கிரீட் தூணில், இரண்டு கிளாம்புகளை மூன்றடி இடைவெளிவிட்டு, ஊடுருவும் போல்ட்டால் முடுக்க வேண்டும். ஸ்டே கயிறு மூன்று பக்கமும் சம இடைவெளியில், ஆண்டெனாவில் அல்ல, அதற்குக் கீழே பைப்பில் கட்ட வேண்டும். நைலான் கயிறு ஈரத்தில் நீளும், வெயிலில் இற்றுவிடும், பாலியெஸ்டர் மேல். உண்மையில் ஆண்டெனாவைக் கொல்வது புயல் மட்டுமல்ல. தினசரி மாலைக் கடல்காற்றில் மெல்லிய கம்பிகள் ஓயாமல் அதிர்ந்து திருகாணிகளைத் தளர்த்துகின்றன. மே மாத இடிமழைக் காற்று தளர்ந்த ஆண்டெனாவை ஆட்டிவைக்கிறது. டிசம்பர் வந்து முடித்துவைக்கிறது. கேபிள் இணைப்பில் நீர் இறங்கினால், கம்பம் நிமிர்ந்து நிற்கும், குரல் மட்டும் போகாது. இணைப்பை ரப்பர் டேப் சுற்றி மூடி, கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டுத்தான் அறைக்குள் இறக்க வேண்டும். இடிதாங்கி எர்த்தும் வேண்டும்.

இதையெல்லாம் தனி ஆர்வலர்களின் கைக்காசுக்கு விட்டுவிடக் கூடாது. தாம்பரம் மாநகராட்சிக்கு 5 மண்டலங்கள், 70 வார்டுகள். காவல்துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் சொந்த வயர்லெஸ் இருக்கிறது; ஆனால் எந்தத் தெருவில் டயாலிசிஸ் நோயாளி மாட்டிக்கொண்டிருக்கிறார், எந்த முகாமில் பால் தீர்ந்தது என்று சொல்லும் வேலையையும் சேர்த்து அதன் மேல் ஏற்ற முடியாது. மண்டல அலுவலகங்களிலும், வெள்ளத்தில் முகாமாகும் பள்ளிகளிலும் ஒரு குட்டைக் கம்பத்தை நிரந்தரமாக நட்டு, கேபிளைக் கீழ் அறை வரை இறக்கி வைக்கட்டும். உரிமம் பெற்ற ஹாம் ஒருவர் செட்டையும் பேட்டரியையும் தூக்கிக்கொண்டு வந்தால், கேபிளைச் சொருகியதும் பேசலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில், கால்வாய் தூர்வாரும் பட்டியலோடு கிளாம்பு முடுக்குவதையும் கயிறு மாற்றுவதையும் சேர்த்துவிடலாம். ஓர் ஆளுக்கு அரைநாள் வேலை அது.