பரங்கிக் கொடிக்கு ஒரு குழி மண்

வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தையெல்லாம் சிமெண்டுத் தரையாக்கிவிட்டு, கடையில் கீற்றாக அறுத்து விற்கும் பரங்கிக்காயை விலைகொடுத்து வாங்கிவரும் வழக்கம் நாளுக்கு நாள் பெருகிவருவதைக் காணும்போது, கொல்லையின் ஒரு மூலையில் கிடந்தபடியே ஒரு குடும்பத்தின் பல மாதத் தேவையைப் பூர்த்தி செய்யவல்ல இக்கொடியை நாம் ஏன் கைவிட்டோம் என்ற விசாரம் எழாமலிருப்பதில்லை.

கேட்டால், பூ பூத்துக் குலுங்குகிறது, காய்தான் பிடிப்பதில்லை என்பார்கள். பிஞ்சு வெம்பி உதிர்ந்தால் திருஷ்டி என்பாரும் உண்டு. கொடியின்மேல் இந்தப் பழியைச் சுமத்துவது நியாயமன்று என்பதே என் அபிப்பிராயம். முதலில் பூப்பவை பெரும்பாலும் ஆண் பூக்கள். நீண்ட மெல்லிய காம்பின்மேல் நிற்கும் அவை காய்க்கமாட்டா. சில நாட்கள் கழித்தே, இதழ்களுக்குக் கீழே கோலிக்குண்டளவு பிஞ்சைத் தாங்கிக்கொண்டு பெண் பூ தோன்றுகிறது. அதிகாலையில் மலர்ந்து முற்பகலுக்குள் கூம்பிவிடும் அப்பூவில், அந்தச் சொற்ப அவகாசத்திற்குள் தேனீ வந்து மகரந்தத்தைச் சேர்த்தால்தான் பிஞ்சு நிலைக்கும். வண்டுக்குப் பயந்து கண்டபடி மருந்தடித்துத் தேனீக்களையும் அழித்துவிட்டவர்கள் காய் பிடிக்கவில்லையென்று வருந்துவதில் பிரயோஜனமில்லை. தேனீ வராத இடங்களில், காலை 8 மணிக்குள் ஓர் ஆண் பூவைக் கொய்து, இதழ்களைக் கிள்ளியெறிந்துவிட்டு, நடுவில் மஞ்சள் தூள் படிந்து நிற்கும் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவிவிட்டாலே போதும். சில தினங்களில் பிஞ்சு பருக்கத் தொடங்குவதைக் கண்கூடாகக் காணலாம். மார்கழிக் கோலத்துச் சாணப் பிள்ளையாருக்கும் ஆண் பூவையே பறித்து வைத்தால், காய்க்கு நஷ்டமில்லை.

மற்றபடி சிரமம் அதிகமில்லை. ஆடியிலோ தையிலோ, ஒன்றரை அடிக் குழியில் மக்கிய தொழுவுரமிட்டு நாலைந்து விதை ஊன்றி, முளைத்தவற்றில் வீரியமான இரண்டை விட்டு மற்றவற்றைக் களைந்துவிடவேண்டும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகக் காய் 7, 8 கிலோ எடைக்கு வளரும். சிறு குடும்பத்திற்கு, 2 கிலோவுக்கு மேற்போகாத கோ 2 உசிதமானது. கொடியோடு சேரும் காம்பு காய்ந்து, நகம் பதியாதபடி தோல் கெட்டிப்பட்ட பிறகு, விரல் நீளக் காம்போடு அறுத்துக் காற்றோட்டமான நிழலில் வைத்தால், குளிர்பதனப் பெட்டியின் தயவின்றியே மாதக்கணக்கில் இருக்கும்.

கொல்லைக்குச் சிமெண்டு பூச உத்தேசித்திருப்பவர்கள், வருகிற தைப்பட்டத்தை உத்தேசித்தேனும், சுவரோரமாக ஒரு குழி மண்ணை விட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.