திமிங்கிலமும் எதிரி இல்ல, மலையும் எதிரி இல்ல

நிண்டெண்டோவின் ‘செல்டா’ வரிசையில் 2011இல் வந்த ‘ஸ்கைவேர்ட் ஸ்வோர்ட்’ கேமில், லெவியாஸ் என்று ஒரு பறக்கும் திமிங்கிலம் வரும். இடிமேகத்துக்குள்ள இருந்து நேரா நம்ம மேலேயே பாயும். 2021இல் அதை சுவிட்சுக்கும் வெளியிட்டார்கள். பதுளையில் எங்கள் யாரிடமும் சுவிட்ச் கிடையாது. யூடியூப்பில் யாரோ விளையாடுறதை, டேட்டா முடியும்வரை ஒரே போனில் நாலு பேர் பார்த்தோம். பார்த்த பாஸ்களிலேயே எங்களுக்குப் பிடித்தது இந்த லெவியாஸ்தான்.

காரணம், லெவியாஸ் கெட்டது இல்லை. அது வானத்தின் காவல் தெய்வம். பூசணிக்காய் சூப் என்றால் அதுக்கு உயிர். ஹீரோ லிங்க்கும் ஒரு பெரிய பானை சூப்போடுதான் அதைத் தேடிப் போகிறான். ஆனால் பைலோசைட் என்ற ஒட்டுண்ணி உடம்பில் ஏறி அதை மூர்க்கமாக்கி வைத்திருக்கிறது. பறவை மேல் சுற்றிப் பறந்து, திமிங்கிலத்தின் தோலில் கண் கண்ணாக முளைத்திருக்கிற ஒட்டுண்ணியைத்தான் லிங்க் இடிக்கணும். பிறகு முதுகிலேயே இறங்கி, பைலோசைட் துப்புவதை வாளால் திருப்பி அடிக்கணும். அது ஒழிந்ததும் லெவியாஸ் தெளிந்து, லிங்க் தேடி வந்த பாட்டில் ஒரு பகுதியைச் சொல்லித் தருகிறது.

‘இது பழைய கதைதானே’ என்று கேட்பீங்க. உண்மைதான். 1998இல் வந்த ‘ஒக்கரினா ஒஃப் டைம்’ கேமிலும் ஜாபு-ஜாபு என்ற பெரிய மீனின் வயிற்றுக்குள் ஒட்டுண்ணி இருந்தது. ஆனாலும் எங்களுக்கு இது சும்மா கதையாகத் தெரியவில்லை. மீரியபெத்தை ஞாபகம் வந்தது.

2014 ஒக்டோபர் 29 காலையில், கொஸ்லாந்தைக்குப் பக்கத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அப்போ நாங்கள் ஸ்கூல் பிள்ளைகள். ‘மலை ஆளுங்கள விழுங்கிருச்சு’ என்றுதான் வீட்டில் பேசிக்கொண்டார்கள். இன்றைக்கும் அடைமழை பிடித்தால் அதே பேச்சுதான். மலையை நாமே பாஸ் ஆக்கிட்டோம்.

மலைக்கு நம்ம மேல என்ன கோபம்? அந்த இடம் ஆபத்து என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலேயே எச்சரித்திருந்தது. சொந்தமா ஒரு துண்டு காணி இல்லாத சனம் எங்க எழும்பிப் போகும்? சரிவுக்குப் பிறகு, தப்பியவர்களுக்கு வேறு இடத்தில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். அதை முன்னாடியே செய்திருக்கலாம்தானே?

இந்தக் கதையில் ஒட்டுண்ணி, மலையில் குடியிருக்கிற சனம் இல்லை. ஆபத்து தெரிந்தும் அசையாமல் இருந்த அலட்சியமும், இருநூறு வருசமாகியும் தீராத காணிப் பிரச்சினையும்தான். மலையைத் திட்டுகிற வரைக்கும் அது பத்திரமா இருக்கும்.

அடுத்த மழைக்கு முன்னாடி நம்ம தோட்டத்தில் எந்த லயம் ஆபத்து என்று சொல்லியிருக்கிறார்கள், அந்த ஆட்களுக்கு எங்கே காணி என்று கேட்போம். அடி சரியான இடத்தில் விழணும்.