ஒரு தாளே நமக்குச் சிபாரிசு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

பட்டம் பெற்றுவிட்டால் வேலை வீடு தேடி வரும் என்று நம் பெற்றோர் நம்பியிருக்கிறார்கள். வேலை வருவதில்லை, நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டும் என்பது நமக்குத் தெரியும். அப்படிப் போகும்போது நமக்கு முன்னே ஒரு தாள் போகிறது. அதைத்தான் பயோடேட்டா என்கிறோம். ரெஸ்யூம் என்றும் சொல்கிறார்கள். நாம் வாசலில் காத்திருக்கையிலேயே அது மேலாளரின் மேசைக்குப் போய்விடுகிறது. அங்கே அது நம்மைப் பற்றி என்ன பேசுகிறது என்று என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா, நண்பர்களே?

நம்மில் பலருடைய பயோடேட்டா ஏதோ ஒரு ஜெராக்ஸ் கடையில் பிறந்தது. பெயரையும் மதிப்பெண்ணையும் மாற்றிவிட்டால் உங்களுடையது என்னுடையதாகிவிடும். தந்தை பெயர், மதம், உயரம், எடை எல்லாம் அதில் உண்டு. ‘கடின உழைப்பாளி’, ‘தலைமைப் பண்பு உடையவர்’ என்ற புகழுரைகளும் உண்டு. நமக்கு என்ன வேலை தெரியும் என்பது மட்டும் இருக்காது.

அப்படிப்பட்ட தாள் ஒன்றோடுதான் கடந்த கோடை விடுமுறையில் நானும் பேருந்து ஏறித் திருப்பூர் சென்றேன். ஒரு சாய ஆலையின் ஆய்வகத்தில் இரண்டு மாத வேலைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டிருந்தேன். அங்கிருந்த பெரியவர் தாளைப் பார்த்தார். ‘ஆங்கிலம் சரளமாகப் பேசுவார்’ என்று அதில் இருந்ததால் ஆங்கிலத்திலேயே ஒரு கேள்வி கேட்டார். நான் விழித்தேன். பிறகு தமிழில், “லீவு நாள்ல என்ன பண்ணுவீங்க தம்பி?” என்றார். இரண்டு கோடை விடுமுறைகளில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டியதையும் செக்கிங்கில் நின்றதையும் சொன்னேன். “துணியில என்னென்ன குறை வரும்?” என்று கேட்டார். ஓட்டை, எண்ணெய்க் கறை, நீடில் லைன், ஷேடு வேறுபாடு என்று சொல்லிக்கொண்டே போனேன். “இதையெல்லாம் ஏன் எழுதலை?” என்றார். நான் தலைகுனிந்து நின்றேன். வேலை வேறொருவருக்குப் போயிற்று.

அவருடைய கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் வெட்கமாயிருந்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டப்படிப்புப் படிப்பவன் பிசிறு வெட்டினான் என்று எழுதினால் மதிப்புக் குறையும் என்று எண்ணினேன். உழைத்ததை மறைத்து, இல்லாததைச் சேர்த்து எழுதுவதே படித்தவர் வழக்கம் போலும் என்று நம்பிவிட்டேன். இதைவிட அறியாமை வேறு உண்டா?

கல்லூரியில் கற்றதையும் நாம் இப்படித்தான் மறைக்கிறோம். ‘பி.எஸ்ஸி. வேதியியல்’ என்று எழுதி, மதிப்பெண்ணைச் சேர்த்து, ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். ஈ.டி.டி.ஏ. கொண்டு நீரின் கடினத்தன்மையை அளக்க நமக்குத் தெரியுமே! சாயத் தொழிலுக்கு அது சிறிய செய்தியா? நீரில் கால்சியம், மெக்னீசிய உப்புகள் மிகுந்தால் துணியில் சாயம் சீராக ஏறாது. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் பிடிக்க வேண்டுமானால் காரத்தன்மை சரியாக இருக்க வேண்டும்; அதற்கு பி.ஹெச். பார்க்க வேண்டும். 2011-ஆம் ஆண்டில் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்துவது அத்தொழிலுக்கு உயிர்நாடி ஆகிவிட்டது. நீரைச் சோதிக்கத் தெரிந்தவருக்கு அங்கே வேலை இருக்கிறது. ஆகவே, ‘நீரின் கடினத்தன்மை, பி.ஹெச். ஆகியவற்றைச் சோதித்திருக்கிறேன்’ என்ற ஒரு வரி, ‘கடின உழைப்பாளி’ என்ற பத்து வரிகளுக்குச் சமம்.

என் கருத்தில், நமக்கு ஒரு பக்கம் போதும். எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறோம் என்பது மேலே இருக்கட்டும். அடுத்து, செய்யத் தெரிந்தவை, கையாண்ட கருவிகள், விடுமுறையில் பார்த்த வேலை, ‘நான் முதல்வன்’ போன்ற திட்டத்தில் பெற்ற பயிற்சி ஆகியவை வரட்டும். ஆங்கிலம் படிக்கவும் எழுதவும் தெரியும், பேசப் பழகி வருகிறேன் என்று உள்ளபடி எழுதுவோம். அரியர் இருந்தால் மறைக்க வேண்டாம். இரவு ஷிப்டுக்கு வர முடியுமானால் அதையும் குறிப்பிடலாம். மதமும் எடையும் யாருக்கு வேண்டும்? சாய ஆலைக்கு ஒரு தாள், மருந்துக் கம்பெனிக்கு வேறு தாள் என்று மாற்றி எழுதும் சிரமத்துக்கும் அஞ்சக் கூடாது.

“சிபாரிசு இல்லாவிட்டால் எந்தத் தாளும் செல்லாது” என்பார் சிலர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், சிபாரிசு செய்ய மாமாவோ சித்தப்பாவோ இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒரு தாளே சிபாரிசு. அதையும் ஜெராக்ஸ் கடையிடம் ஒப்படைத்துவிட்டால் நமக்காக யார் பேசுவார்? நம் கல்லூரியில் துறைதோறும் ஆண்டுக்கு ஒரு நாள் ஒதுக்கி, ஆசிரியர்கள் நம் தாள்களைத் திருத்தித் தந்தால் அது பேருதவியாகும்.

பயோடேட்டாவின் அடியில் ஒரு வரி இருக்கிறது: ‘மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்’. படிக்காமலேயே அதன்கீழ் கையெழுத்திடுகிறோம். அடுத்த முறை அதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுவோம். நம் பெற்றோரின் வியர்வையிலும் நம் உழைப்பிலும் மறைக்க வேண்டியது எதுவும் இல்லை!