தூக்குமுன் கேளுங்கள்



பனையிலிருந்து விழுந்த ஒருவரை முன்னொரு நாள் நால்வர் கைகால்களைப் பற்றித் தூக்கி, ஆட்டோவில் உட்காரவைத்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். அந்நால்வருள் நாமும் ஒருவர். "எப்படிக் கொண்டுவந்தீர்கள்?" என்று மருத்துவர் வினவியபோது தலைகுனிந்தோம்.

முதுகெலும்பு முறிந்தாலும் அதனுள் செல்லும் தண்டுவடம் பழுதின்றி இருக்கக்கூடும். தவறாகத் தூக்கும்போது, விலகும் எலும்பே அதனை நசுக்கிவிடலாம். ஆதலால் முதலில் கேளுங்கள்: கழுத்திலோ முதுகிலோ வலி உண்டா? கால்விரல்களை அசைக்க முடிகிறதா? தொட்டால் உணர்ச்சி தெரிகிறதா? விடைகளை மருத்துவரிடம் அப்படியே கூறுங்கள். நல்ல விடையே வந்தாலும், உயரத்திலிருந்து விழுந்தவருக்கு முதுகெலும்பு முறிந்திருக்கலாம் என்றே கொள்ளுங்கள். 108 வண்டியை அழையுங்கள். அதுவரை அவரை அசைக்காதீர்கள். அவ்விடத்தில் ஆபத்திருந்து நகர்த்தியே ஆகவேண்டுமெனில், ஒருவர் தலையையும் கழுத்தையும் தாங்க, மற்றவர்கள் உடலை மரக்கட்டையைப் போல் ஒருசேரப் புரட்டிப் பலகையில் கிடத்துங்கள்.

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். தண்டுவடத்தையும் நரம்பையும் காண எம்.ஆர்.ஐ. வேண்டும். எனவே, "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" எனக் கேட்டு வீடு திரும்பிய பின்னும், கால் மரத்தாலோ, வலுவிழந்தாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ அன்றே மீண்டும் செல்லுங்கள்.

அச்சகோதரர் இன்று சக்கர நாற்காலியில் திருப்பலிக்கு வருகிறார். விழுந்த வேகம் காரணமோ, நமது அவசரம் காரணமோ, எவராலும் கூற இயலாது. அவர் நம்மை ஒருநாளும் பழித்ததில்லை. அதனாலேயே இதனை எழுதுகிறோம்.