டி.வி. சாகவில்லை... சாகடிக்கிறார்கள்!

கொருக்குப்பேட்டையில் என் அக்கா வீடு. ரயில்வே கேட்டில் காத்துக்கிடந்து, போன மாதம் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தேன். ஹாலில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும்தான்! 43 இன்ச் ஸ்க்ரீன் அமாவாசை இருட்டு. அக்கா ரேடியோ நாடகம் கேட்பது மாதிரி காதைக் கொடுத்தபடி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

''கம்பெனி ஆள் வந்தாருடா. பேனல் போச்சாம். அதை மாத்துற காசுக்குப் பேசாம புதுசே வாங்கிடுங்கன்னுட்டுப் போயிட்டாரு.''

வாங்கி ஐந்து வருஷம்கூட ஆகவில்லை.

தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். செல்போன் டார்ச்சை ஸ்க்ரீன் மேல் சாய்வாக அடித்தார். உள்ளே மங்கலாக, கதாநாயகி அழுதுகொண்டிருந்தாள். ''பேனல் நல்லாத்தான் சார் இருக்கு. பின்னாடி லைட்டுதான் அவுட்டு!''

விஷயம் இதுதான். எல்.இ.டி. டி.வி. என்று நாம் வாங்குவதில் பெரும்பாலானவை எல்.சி.டி. டி.வி.தான். அந்த ஸ்க்ரீனுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்பக்கமோ ஓரத்திலோ பட்டையாக வைத்திருக்கும் குட்டி எல்.இ.டி. விளக்குகள்தான் அதற்கு வெளிச்சம். வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்து அவை மங்கும். ஒருநாள் ஒன்று அணையும். திருவிழா சீரியல் செட் பார்த்திருப்பீர்களே... ஒரு பல்பு போனால் வரிசையே படுத்துவிடும். பல மாடல்களில் அதே கதைதான்.

மெக்கானிக் பட்டைகளை மாற்றினார். கூலியோடு 2,200 ரூபாய். கதாநாயகி வெளிச்சத்தில் அழ ஆரம்பித்தாள்.

நான் பி.காம். படித்தவன். தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. எந்தப் பொருளும் தேயும். நியாயம்தான். பழைய டப்பா டி.வி.யிலும் பிக்சர் டியூப் வீக் ஆகத்தான் செய்தது. 2006-ல் தமிழக அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்த 14 இன்ச் கலர் டி.வி.யும் அதற்கு விலக்கில்லை. ஆனால், பல்பு ஃபியூஸ் ஆனதற்கு வீட்டையே இடிக்கச் சொல்கிறார்களே... இதை எந்தக் கணக்கில் எழுதுவது? என் பாடப்புத்தகத்தில் இல்லை!

ஐரோப்பிய யூனியனில் 2021 மார்ச் முதல் ஒரு விதி உண்டு. ஒரு மாடல் டி.வி.யின் கடைசி செட் சந்தைக்கு வந்த பிறகும், பவர் சப்ளை போன்ற உதிரிபாகங்கள் குறைந்தது 7 வருஷம் கிடைக்க வேண்டும். இங்கே? 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் கமிட்டி போட்டது. இணையதளம் திறந்தது. 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளோ, குப்பையாகிப்போன டி.வி.க்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகின்றன. சந்தோஷம். நல்ல டி.வி. குப்பைக்குப் போகாமல் தடுக்கும் பொறுப்பு யாருக்கு?

கம்பெனிக்காரர்களே, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அட்டைப்பெட்டியில் 4கே, ஸ்மார்ட் என்று தம்பட்டம் அடிக்கிறீர்கள். பக்கத்திலேயே, லைட் பட்டை என்ன விலை, எத்தனை வருஷம் கிடைக்கும் என்றும் அச்சடியுங்கள்.

நமக்கும் ஒரு குட்டு. கடையில் பளிச்சென்று காட்டிய அதே பேக்லைட்டை வீட்டிலும் ஃபுல்லாக வைத்துப் பார்க்காதீர்கள். குறைத்தால் சூடு குறையும், ஆயுள் கூடும். அப்படியும் ஒருநாள் இருட்டினால், 'பேனல் போச்சு' என்றதுமே பர்ஸைத் திறக்காதீர்கள்.

முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள்!